ரத்தக் குழாய்க்கு வைட்டமின் வாங்குற நம்ம ஐயாமார்களுக்கு

பதிவு கொஞ்சம் நீளம். வீட்டுல வயசான அப்பா, தாத்தா இருந்தா முழுசா படிங்க.

கொஞ்ச நாளா அன்னதானத்துல பரிமாறும்போது காதுல விழற பேச்சு ஒண்ணுதான். "இந்த வைட்டமின் சாப்பிட்டா ரத்தக் குழாய் சுத்தமாயிடுமாம், அடைப்பு கரைஞ்சிடுமாம்." ஒரு போத்தல் 100 வெள்ளிக்கு மேல. விற்கிறவங்களும் நம்ம கோயில் ஆளுங்கதான், நல்ல மனசோடதான் சொல்றாங்க. அதனாலயே யாருக்கும் மறுத்துப் பேச வாய் வரல.

நான் டாக்டர் இல்ல, சாதாரண தொண்டன். ஆனா நம்ம கோயிலுக்கு வர்ற ஐயா ஒருத்தருக்கு நடந்ததைச் சொல்லியே ஆகணும். அவர் சம்மதத்தோடதான் எழுதுறேன். அவருக்கு இருதய வால்வு மாத்தியிருக்கு. ரத்தம் கட்டிக்காம இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுறார். மகன் ஆசையா வாங்கிக் கொடுத்த வைட்டமின் கே2-வையும் சேர்த்துக்கிட்டார். "வைட்டமின்தானே, சாப்பாடு மாதிரி"ன்னு நினைச்சு கிளினிக்ல சொல்லல. அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு நான்தான் காடியில கூட்டிட்டுப் போனேன். ஐஎன்ஆர் அளவு நல்லா இறங்கியிருந்தது. வார்ஃபரின் வேலை செய்யறதே வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்துத்தான். ஒரு கையால பூட்டிட்டு இன்னொரு கையால திறந்த கதைதான். வால்வுல ரத்தக் கட்டி வந்திருந்தா பக்கவாதம் வரைக்கும் போயிருக்கலாம். மருந்தாளர் துருவித் துருவிக் கேட்டதால விஷயம் வெளிய வந்துச்சு.

வைட்டமின் சாப்பிட்டா மாரடைப்பு வராதான்னு பெரிய அளவுல சோதிச்சுப் பார்த்திருக்காங்க. அமெரிக்காவுல 50 வயசு தாண்டிய 14,641 ஆண் டாக்டர்களை வச்சு சுமார் 8 வருஷம் வைட்டமின் ஈ, சி-யைச் சோதிச்சாங்க. 2008-ல முடிவு வந்தது: மாரடைப்பும் குறையல, பக்கவாதமும் குறையல. வைட்டமின் ஈ சாப்பிட்டவங்களுக்கு மூளையில ரத்தக் கசிவு கொஞ்சம் கூடவே இருந்துச்சு. இன்னொரு பெரிய ஆய்வுல, 2011-ல, தினம் 400 யூனிட் வைட்டமின் ஈ சாப்பிட்ட ஆண்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடுதலா வந்தது.

அதுக்காக வைட்டமினே வேணாம்னு சொல்லல. இனிப்பு நீருக்கு மெட்ஃபார்மின் வருஷக் கணக்கா சாப்பிடுறவங்களுக்கு பி12 குறையலாம். சைவம் மட்டும் சாப்பிடுறவங்களுக்கும் அப்படித்தான். கால் மரத்துப் போனா, ஊசி குத்தினா, "ரத்த ஓட்டம் சரியில்ல"ன்னு நாமளே முடிவு பண்ணிடுறோம். அது நரம்பா, பி12 குறைவா, ரத்தக் குழாயான்னு சோதிச்சாத்தான் தெரியும். குறைவுன்னு தெரிஞ்சா அந்த வைட்டமின் உண்மையிலேயே உதவும்.

ஆனா கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் வலிச்சு, நின்னா சரியாகுதுன்னா, அது கால் ரத்தக் குழாய் அடைப்பா இருக்கலாம். படி ஏறும்போது நெஞ்சை அழுத்தினா அதையும் தள்ளிப் போடாதீங்க. பத்துமலை 272 படி ஏறணும்னு நேர்ந்துக்கிட்டவங்க முன்கூட்டியே காட்டிடுங்க. உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு வலி வந்தா 999-க்குக் கூப்பிடுங்க.

இன்னொரு விஷயம், ஆம்பளைங்க வெளிய பேச மாட்டாங்க. "ஆண்களுக்கு ரத்த ஓட்டம் கூடும்"னு விற்கிற சில காப்பி, கேப்சூல்ல சில்டெனாஃபில் மாதிரி மருந்தை மறைச்சுக் கலக்குறாங்க. சுகாதார அமைச்சு பல தடவை எச்சரிச்சிருக்கு. நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில வைக்கிற ஜிடிஎன் மாத்திரையோட அது சேர்ந்தா ரத்த அழுத்தம் சடார்னு விழுந்து உயிருக்கே ஆபத்து. வெட்கப்படாம டாக்டர்கிட்ட கேளுங்க.

போத்தல்ல எம்ஏஎல் பதிவு எண்ணும் ஹாலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கான்னு பாருங்க. இல்லாட்டி வாங்காதீங்க. இருந்தாலும், அடைப்பைக் கரைக்கும்னு அரசாங்கம் உத்தரவாதம் கொடுத்ததா அர்த்தம் இல்ல.

பிள்ளைங்களுக்கு ஒரு வேண்டுகோள். அப்பாவுக்கு போத்தல் வாங்கிக் கொடுக்கிற அன்பு பெரிசுதான். அதோட, ஒரு நாள் லீவு போட்டு அவர் கூட கிளினிக் போங்க. வீட்டுல இருக்கிற மாத்திரை, வைட்டமின், லேகியம், எண்ணெய் எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போய் மருந்தாளர்கிட்ட காட்டுங்க. கொழுப்புக்கும் அழுத்தத்துக்கும் கொடுத்த மாத்திரையை யார் சொன்னாலும் நீங்களா நிறுத்தாதீங்க.

விற்கிற அண்ணன், அக்காமார்களுக்கும் அன்போட சொல்றேன். கோயில் மண்டபத்துல நீங்க சொல்றதை பெரியவங்க சாமி வாக்கு மாதிரி எடுத்துக்கிறாங்க. அந்த நம்பிக்கை முருகனுக்கு உரியது. வியாபாரத்தை வெளிய வச்சுக்குவோம்.

யாருக்காவது கிளினிக் போக காடி இல்லன்னா என்கிட்ட சொல்லுங்க, தொண்டர்கள் ஏற்பாடு பண்றோம். வேலும் மயிலும் துணை.