துறைமுகம் வரை

கப்பற்பயணம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் விரிவது கடலே ஆகும். கப்பலேறியவர்களைப் பற்றி நம் ஊர்களில் வழங்கும் கதைகள் பெரும்பாலும் நங்கூரம் தூக்கிய பின்னரே தொடங்குகின்றன. சபராளிகளைப் பெற்ற குடும்பங்களில், பயணம் சொல்லிக்கொள்ள வீடு வீடாகச் சென்றது நினைவில் நிற்கும்; கப்பலின் கீழ்த்தளத்தில் பட்ட பாடும் நினைவில் நிற்கும். வீட்டு வாயிலுக்கும் கப்பலடிக்கும் இடையில் கிடந்த தரைவழியை மட்டும் எவரும் கதையாகச் சொல்வதில்லை. அந்தத் தரைவழியைக் குறித்துச் சில கூற விரும்புகிறேன்.

பெருநகரமும் பெருங்கப்பல்கள் அணையும் துறையும் ஓரிடத்தில் அமைவது எல்லா நாடுகளுக்கும் வாய்ப்பதில்லை. சென்னை, மும்பை, சிங்கப்பூர் ஆகியவை நற்பேறு பெற்றவை. உரோம் நகருக்கு என்று விளம்பரம் செய்யப்படும் உல்லாசக் கப்பல்கள் உண்மையில் அணைவது ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிவிட்டவேக்கியா என்னும் துறையில். பேரரசர் திராயான் கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டுவித்த துறை அது. இலண்டன் என்று எண்ணி முன்பதிவு செய்பவர் பலர் சவுத்தாம்ப்டனுக்கு 100 கிலோமீட்டருக்கும் மேல் செல்ல வேண்டியவராகின்றனர். விளம்பரத்தில் நகரின் பெயர் பெரிய எழுத்திலும், துறையின் பெயர் சிறிய எழுத்திலும் இருக்கும். இடைப்பட்ட தொலைவு எந்த எழுத்திலும் இராது. கோலாலம்பூரின் நிலையும் இதுவே.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறையில் நானும் என் துணைவியாரும் கோலாலம்பூரில் உள்ள என் மைத்துனர் இல்லத்தில் தங்கியிருந்தோம். சிங்கப்பூரில் பணிபுரியும் பேரன் ஒருவன் தன் பாட்டியாருக்காக, அதாவது என் மாமியாருக்காக, மூன்று இரவுக் கடற்பயணம் ஒன்றினை ஏற்பாடு செய்திருந்தான். மாமியார், மைத்துனர் இணையர், அவர்தம் மகன், மருமகள், இரு குழந்தைகள், என் துணைவியார் என எண்மர் செல்வதாகத் திட்டம். கடல் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. நான் கரையிலேயே நின்றுவிட்டேன். ஆகவே எண்மரையும் அவர்தம் பெட்டிகளையும் கப்பலடி சேர்ப்பிக்கும் பொறுப்பு, வேறு வேலை இல்லாத என்மீது விழுந்தது.

மாமியாருக்கு அப்போது 78 வயது. முழங்கால் வலியால் பத்தடி நடப்பதும் அரிது. மணமான புதிதில், 1960-களின் தொடக்கத்தில், நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பலேறிப் போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கியவர் அவர். அதன் பின்னர் அவர் கப்பலில் கால் வைத்ததில்லை. அந்தப் பயணத்தின் கடலைப் பற்றி அவர் ஒன்றுமே சொல்வதில்லை. இறங்கிய பின் நேர்ந்ததையே மீண்டும் மீண்டும் சொல்வார். கப்பல் அரைநாள் தாமதித்து வந்தது. அழைத்துச் செல்ல வந்த கணவரின் தமையனார், கப்பல் வாராது என எண்ணித் திரும்பிவிட்டார். மலாயும் சீனமும் அறியாத இளம்பெண் ஒருத்தி, தகரப் பெட்டியின் மேல் அமர்ந்து மாலைவரை காத்திருந்தாள். “கடல்ல பயமில்ல. தரையிலதான் பயம்” என்பார். இதனைக் கேட்டிருந்தமையால், எனக்களிக்கப்பட்ட பணியை எளிதாகக் கொள்ள இயலவில்லை.

அன்றைய போர்ட் சுவெட்டன்ஹாமே இன்றைய போர்ட் கிள்ளான். 1972-இல் பெயர் மாற்றம் பெற்றது. கோலாலம்பூரில் தோண்டிய ஈயத்தைக் கடலுக்குக் கொண்டு சேர்க்கும் தேவையே அந்நகரின் முதல் இருப்புப்பாதையைப் படைத்தது. 1886-இல் கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடா வரை அமைந்த பாதை, பின்னர் ஆற்றைக் கடந்து கடற்கரை வரை நீண்டது. 1901-இல் புதிய துறைமுகம் திறக்கப்பட்டபோது அங்குப் பணிபுரிந்தோரை மலேரியாக் காய்ச்சல் கூட்டம் கூட்டமாக வீழ்த்தியது. மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களின் நீரை வடித்து அத்துறையைக் காத்தார். நம்மவர் ஆயிரக்கணக்கில் அங்கு இறங்கினர். நோய்த்தடுப்பு முகாமில் சில நாள் அடைக்கப்பட்டனர். பிறகு தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுக்கு வண்டி ஏற்பாடு செய்யும் கவலை இருந்ததில்லை. கங்காணியும் தோட்ட நிர்வாகமும் அதனைப் பார்த்துக்கொண்டன. தாமே வழி தேட வேண்டியவர்கள் வணிகர்களும், மணமகள்களும், நோயாளிகளுமே.

நிற்க. கோலாலம்பூரிலிருந்து போர்ட் கிள்ளானுக்கு 1995 முதல் கொமுட்டர் என்னும் மின்தொடர்வண்டி ஓடுகிறது. சில வெள்ளிகளே கட்டணம். மைத்துனர் மகன் கைப்பேசியில் நிலப்படத்தைக் காட்டி, “மாமா, கடைசி ஸ்டேஷன் பேரே போர்ட் கிள்ளான்தான். இறங்கினா துறைமுகம். வண்டி எதுக்கு?” என்றான். கருத்து நியாயமாகத்தான் தோன்றியது. ஆயினும் முழங்கால் நோவுள்ள முதியவரை அழைத்துச் செல்லும் வழியை முன்னதாக ஒருமுறை நடந்து பார்த்துவிடுவது நலம் என்று கருதி, இரண்டு நாள் முன்னர் நான் மட்டும் தனியே அந்தத் தொடர்வண்டியில் ஏறினேன்.

ஒரு மணி நேரத்திற்கு மேற்பட்ட பயணத்தின் பின் இறுதி நிலையத்தில் இறங்கினால், துறைமுகம் உண்மையாகவே அருகில் இருந்தது. ஆனால் அது பழைய துறை. நிலையத்தை ஒட்டிய படகுத்துறையிலிருந்து புலாவ் கெத்தாம் என்னும் மீனவர் தீவுக்குப் படகுகள் செல்கின்றன. எதிரே தமிழ் முஸ்லிம் ஒருவரின் உணவுக்கடை. அந்நாட்டில் மாமாக் கடை என்பர். தேநீர் அருந்தியவாறே உல்லாசக் கப்பலைப் பற்றி வினவினேன். கடைக்காரர் சிரித்தார். “பாய், நீங்க பெட்டி இல்லாம வந்து கேக்குறீங்க. மத்தவங்க பெட்டியோட வந்து கேப்பாங்க” என்றார். உல்லாசக் கப்பல் நிற்கும் முனையம் அங்கில்லை. பாலங்களால் இணைக்கப்பட்ட புலாவ் இண்டா என்னும் தீவின் மறுகரையில் உள்ளது. சாலை வழியே மேலும் 20 கிலோமீட்டர் அளவுக்குச் செல்லவேண்டும். அத்தீவுக்கு இருப்புப்பாதை உண்டு. ஆனால் அதில் கொள்கலன்கள் மட்டுமே பயணம் செய்கின்றன. பொருளுக்குத் தொடர்வண்டி, மனிதருக்கு இல்லை என்பது காலத்தின் கோலம் போலும்!

இதற்குக் காரணம் இல்லாமலில்லை. கப்பல்கள் பருக்கப் பருக்க ஆழமான நீர் தேவைப்பட்டது. ஆகவே 1990-களில் மேற்குத் துறை அத்தீவில் எழுந்தது. இன்று அத்துறை ஒன்றே ஆண்டுக்கு 1 கோடிக்கும் மேற்பட்ட கொள்கலன்களை, இருபதடி அளவுக் கணக்கில், கையாளுகிறது. அவற்றில் ஒரு பகுதியை ஏற்றிச் செல்லும் பார உந்துகளும் உல்லாசப் பயணியரின் மகிழுந்துகளும் ஒரே சாலையில்தான் செல்லவேண்டும். முதியோரும் குழந்தைகளும் உள்ள குடும்பத்திற்குத் தொடர்வண்டி பயன்படாது என்பது உறுதியாயிற்று.

அடுத்த வினா, எவ்வகை வண்டி என்பது. கைப்பேசியில் அழைக்கும் வாடகைக் கார் இரண்டு போதும் என்றார் மைத்துனர். போவதற்குப் போதும், கோலாலம்பூரில் அழைத்த சில நிமிடங்களில் கார் வரும். திரும்பும் நாளை அவர் எண்ணவில்லை. ஈராயிரம் பேர் ஒரே காலையில் இறங்கும்போது, நகருக்கு அப்பாலுள்ள தீவின் ஓரத்தில் எத்தனை கார்கள் காத்திருக்கும்? கட்டணமும் அந்நேரத்தில் ஏறி நிற்கும். மேலும், இரு வண்டிகளில் பிரிந்தால் பயணச்சீட்டுகள் ஒரு வண்டியிலும் மாமியார் மற்றொரு வண்டியிலும் இருப்பது நம் குடும்பங்களின் வழக்கம். ஆகவே ஓட்டுநருடன் கூடிய பெரிய வேன் ஒன்றினைப் போவதற்கும் வருவதற்கும் சேர்த்துப் பேசி முடித்தேன். சக்கர நாற்காலி மடித்து வைக்க இடம் உண்டா என்றும் முன்னரே கேட்டுக்கொண்டேன்.

ஓட்டுநர் தோட்டப்புறத்தில் பிறந்த தமிழர். பாட்டனார் அதே துறையில் இறங்கியவராம். அவர் கேட்ட முதற்கேள்வி என்னைத் திகைக்க வைத்தது. “ஐயா, கப்பல் எத்தனை மணிக்குன்னு கேக்கல. கதவு எத்தனை மணிக்குச் சாத்துவாங்க?” கப்பல் புறப்படுவது மாலை 5 மணி, பதிவு முடிவது 3.30 மணி. பயணியர் பட்டியலை முடித்துக் குடிநுழைவு அதிகாரிகளிடம் ஒப்படைத்த பிறகே கப்பல் நகரவேண்டும் என்பதால் இந்த இடைவெளி. பயணச்சீட்டில் பெரிதாய் அச்சிடப்பட்டிருந்தது 5 மணி.

இரண்டாவதாக அவர் சொன்னது: அன்று வெள்ளிக்கிழமை. மலேசியாவில் வெள்ளி நண்பகலில் ஜும்ஆவிற்காக அலுவலகங்கள் நீண்ட இடைவேளை விடுகின்றன. “பன்னிரண்டுக்கு மேல ரோடு நம்ம கையில இல்ல” என்றார்.

இதனால் வீட்டில் ஒரு விவாதம் மூண்டது. ஜும்ஆவை வழக்கமான பள்ளிவாசலில் முடித்துக்கொண்டு 2 மணிக்குப் புறப்படலாம் என்றார் மைத்துனர். ஏறத்தாழ 60 கிலோமீட்டர்தான், ஒன்றேகால் மணி நேரத்தில் சென்றுவிடலாம் என்பது அவர் கணக்கு. கணக்கில் பிழையில்லை, அக்கணக்கில் மழை இல்லை, பழுதாகி நிற்கும் பார உந்து இல்லை, குழந்தையின் வயிற்றுவலி இல்லை, அவ்வளவே. பயணிக்குச் சலுகை உண்டு, முன்னதாகவே கிளம்பிவிடலாம் என்றான் மகன். ஊரைவிட்டுப் புறப்படுமுன் ஜும்ஆவைத் தவறவிட மைத்துனருக்கு மனமில்லை. இரண்டு நாள் இவ்வுரையாடல் நீண்டது. கேட்டுக்கொண்டே இருந்த மாமியார் இறுதியில் ஒரே வாக்கியத்தில் தீர்த்து வைத்தார்: “பாலத்தத் தாண்டி நின்னுக்கிட்டுத் தொழுங்களேன்.”

காலை 10.45-க்குக் கிளம்பினோம். ஷா ஆலம் விரைவுச்சாலையில் தடையில்லை. கிள்ளானைக் கடந்து தீவை நோக்கித் திரும்பியதும் மழை பிடித்துக்கொண்டது. முன்னும் பின்னும் கொள்கலன் உந்துகள். ஓரிடத்தில் அரைமணிக்கும் மேலாக ஊர்ந்தோம். மைத்துனர் தம் கடிகாரத்தைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார். ஆயினும் பாலத்தைக் கடந்தபோது 1 மணி ஆகவில்லை. தீவிலிருந்த பள்ளிவாசலில் ஆடவர் தொழுகையை முடித்தோம். 2.20-க்கு முனையத்தின் வாயிலில் வேன் நின்றது. மாமியார் சக்கர நாற்காலியில் அமர்ந்து, எதிரே பத்து மாடி உயரத்திற்கு எழுந்து நின்ற கப்பலை அண்ணாந்து பார்த்துவிட்டு, “இதுல தகரப்பெட்டி ஏத்துவாங்களா?” என்று கேட்டார். பேரப்பிள்ளைகளுக்கு அது விளங்கவில்லை.

அவர்களை உள்ளே அனுப்பிவிட்டு, நானும் ஓட்டுநரும் மழை விடட்டும் எனக் காத்திருந்தோம். 3.40 மணியளவில் இளம் இணையர் ஒருவர் வாடகைக் காரிலிருந்து பாய்ந்து இறங்கினர். இறுதி நிலையம் வரை கொமுட்டரில் வந்து, அங்கிருந்து கார் கிடைக்க ஒரு மணி நேரம் ஆயிற்றாம். பதிவு முடிந்துவிட்டதாகப் பணியாளர் பணிவுடன் கூறினார். கப்பல் கண்ணெதிரே நின்றுகொண்டிருந்தது. அதன் பின்னும் ஒரு மணி நேரத்திற்கு மேலாக அங்கேயே நின்றது. அப்பெண் பெட்டியின் மேல் அமர்ந்துவிட்டாள். அக்காட்சியை என்னால் நெடுநேரம் பார்க்க இயலவில்லை. ஓட்டுநரே சென்று பேசி அவர்களை எங்கள் வேனில் ஏற்றிக்கொண்டார். நகரம் வரை ஒருவரும் பேசவில்லை.

திங்கள் காலை மீண்டும் சென்றோம். சுங்கமும் குடிநுழைவும் முடிந்து நம்மவர் வெளியே வர 9.30 ஆயிற்று. வெளியே கார் தேடி நின்றோரின் வரிசை நீண்டிருந்தது. சக்கர நாற்காலி முதலில் வந்தது. வேன் நிற்பதைப் பார்த்ததும் மாமியார் என்னிடம், “எப்ப வந்தீங்க?” என்றார். ஏழரைக்கே வந்துவிட்டதாகச் சொன்னேன். தலையசைத்தார்.

வழியில், தாம் இறங்கிய பழைய துறையைப் பார்க்கவேண்டும் என்றார். ஓட்டுநர் மறுக்காமல் வண்டியைத் திருப்பினார். வேலிக்கு அப்பால் பண்டகசாலைகளும் பாரந்தூக்கிகளும் தெரிந்தன. கண்ணாடியை இறக்கச் சொல்லி வெகுநேரம் உற்று நோக்கியவர், “ரயில் இந்தப் பக்கம் நின்னுச்சு, நான் அந்தப் பக்கம் உக்காந்திருந்தேன்” என்று ஒரு சுவரைக் காட்டினார். பிறகு ஐயம் கொண்டு வேறொரு சுவரைக் காட்டினார். பிள்ளைகளுக்குப் பசி எடுத்துவிட்டது. நான் முன்பு தேநீர் அருந்திய கடைக்கே சென்று ரொட்டி சானாய் உண்டோம். கடைக்காரர் எங்கள் பெட்டிகளைப் பார்த்துவிட்டு, இம்முறை ஒன்றும் சொல்லவில்லை.