புகை போகும் வழி



சுவிட்சர்லாந்தில் நான் இருக்கும் எங்கடீன் பள்ளத்தாக்கில் நேற்று ராத்திரி முழுக்கப் பனி கொட்டியது. காலையில் கதவைத் திறந்தால் வாசற்படியைக் காணோம். போனில் பேசும்போதெல்லாம் அம்மாவைப் பெற்ற அம்மிச்சி கேட்பது ஒன்றுதான்: "அந்தக் குளுருல எப்படித்தான் கண்ணு இருக்கறே?"

உயரத்தை மட்டும் பார்த்தால் நம் ஊட்டிதான் மேலே. அது சுமார் 2,240 மீட்டர். இங்கே பேர்பெற்ற செயின்ட் மோரிட்ஸ் 1,820தான். ஆனால் ஊட்டி இருப்பது 11 பாகை அட்சரேகையில். டிசம்பர், ஜனவரி விடியலில் புல்லின்மேல் படியும் உறைபனி வெயில் ஏறினால் கரைந்துவிடும். 46 பாகையில் இருக்கும் இந்த ஊரில் விழுந்த பனி வசந்தம்வரை கிடக்கும்.

முதல் வருஷம் ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர் போட்டும் நடுங்கினேன். குளிரைத் தாங்க வேண்டியது உடம்பில்லை, வீடு என்று காட்டிக்கொடுத்தவர் எங்கள் வீட்டுக்காரப் பாட்டி. இங்குள்ள பழைய வீடுகளுக்குக் கல் சுவர், கோட்டைச்சுவர் போலத் தடிமன். ஜன்னல்கள் சின்னவை, சுவருக்குள் ஆழமாக, வெளிப்பக்கம் விரிந்து வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும். வீடு முழுவதையும் சூடாக்க யாரும் முயல்வதில்லை. பைன் பலகை பதித்த ஒரே ஒரு அறையை மட்டும் சூடாக்கி, குடும்பமே அதில் உட்காரும். அந்த அறை அடுப்பின் வாய் அறைக்குள் இருக்காது. சமையல்கட்டிலோ நடையிலோ நின்றுதான் விறகு போடுவார்கள். சூடு மட்டும் அறைக்கு வரும். புகை போகும் வழி வேறு. அடுப்புக்கு மேலே கூரைப்பலகையில் சூட்டுக்கென ஒரு சின்னத் திறப்பு. அதன் வழியே மாடிப் படுக்கையறைக்கும் கொஞ்சம் சூடு ஏறும்.

இதைப் பார்த்தபோது நீலகிரித் தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்துதான் நினைவுக்கு வந்தது. பாதி பீப்பாயைக் கவிழ்த்த மாதிரி மூங்கிலும் பிரம்பும் புல்லும் கொண்டு கட்டிய வீடு. தவழ்ந்து நுழையும் அளவுக்குத்தான் வாசல். ஜன்னல் இல்லை, காற்று உள்ளே அடிக்காது. ஆனால் அடுப்புப் புகை புல் கூரை வழியே கசிந்து வெளியேறிவிடும். அவர்கள் போர்த்தும் பூத்துக்குளி, சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்த கனத்த பருத்தித் துணி. அதை இரட்டையாக மடித்துப் போர்த்தினால், இடையில் நிற்கும் காற்றே சூட்டைக் காக்கும். மலையில் காலங்காலமாக வாழ்ந்தவர்கள் சூட்டுக்கு வழி தேடியபோதே புகைக்கும் வழி விட்டிருக்கிறார்கள்.

சமவெளியிலிருந்து போகும் நாம்தான் அதை மறந்துவிடுகிறோம். சின்ன வயதில் ஒரு மார்கழியில் மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் ஊட்டி போனோம். கல்லாறு தாண்டிப் பல்சக்கரத்தால் தண்டவாளத்தைக் கவ்வி ஏறிய அந்த நீராவி இன்ஜின் இந்த நாட்டு விண்டர்தூரில் செய்தது என்பது இங்கே வந்தபின்தான் தெரிந்தது. தங்கிய விடுதியில் குளிருக்கென்று கரி அடுப்பை அறைக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தார்கள். ஜன்னலை இறுக்கி மூடி, கதவிடுக்கில் துண்டைச் செருகிப் படுத்தோம். நடுராத்திரி அம்மாவுக்குத் தலைவலி, வாந்தி. தம்பியை உலுக்கினால் எழவில்லை. அம்மிச்சிதான் ஜன்னலைத் திறந்துவிட்டு, அவனை வராந்தாவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். வெகுநேரம் கழித்தே கண் விழித்தான்.

அது கார்பன் மோனாக்சைடு. நிறமும் இல்லை, வாசமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்ட வேண்டிய இடத்தில், அதைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். தூங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது. புகை கண்ணுக்குத் தெரியாமல் கனன்றுகொண்டிருக்கும் கரியே பேராபத்து. புல் கூரை கசியவிடும். வெள்ளையர் கட்டிய பங்களாக்களில் கணப்புக்கு மேலே புகைபோக்கி உண்டு. இன்றைய கான்கிரீட் அறையில் இரண்டும் இல்லை.

ஊட்டி, கோத்தகிரி, வால்பாறை, கொடைக்கானல் என்று குளிரைப் பார்க்கக் கிளம்புகிறவர்களே, அறைக்குள் கரி அடுப்பு கேட்காதீர்கள். கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். வெளியே வைத்துச் சமைத்த பார்பிக்யூ அடுப்பை, அணைந்துவிட்டதென்று நம்பி உள்ளே எடுத்து வைக்காதீர்கள். இன்னும் இரண்டு கம்பளி கேட்டு வாங்கி, குழந்தைகளை நடுவில் படுக்கவையுங்கள்.