தலைமாட்டுச் சுவர்



எங்கட வீடுகளில் கட்டிலுக்கு மேலே ஆயத்துல் குர்ஸி பிரேம் மாட்டுவது வழக்கம். கண்ணாடி போட்டது, நல்ல பாரம்.

1990 ஒக்டோபரில் எங்கட சனம் வெளியேற்றப்பட்ட பிறகு, யாழ்ப்பாணத்தில் பல வீடுகள் கூரையில்லாமல் மழையில் கிடந்தன. திரும்பி வந்து திருத்திய வீடுகளில் பழைய சுண்ணாம்புச் சுவர்கள் இன்னும் இருக்கின்றன. ஈரமூறிய பூச்சில் ஆணி இறுகாது. ஒருநாள் கழன்று வரும். கீழே படுத்திருப்பது பிள்ளை.

பிரேமை எதிர்ச் சுவரில் மாட்டுங்கள். கண் விழித்ததும் அதுதான் தெரியும். அங்கேயும் துளையிட்டு, பிளக் வைத்து, இரண்டு ஸ்க்ரூ போடுங்கள்.

தலைமாட்டுக்குச் சாயமிட்ட பனையோலைச் சுளகுகள் மூன்று போதும். உடுவிலில் எங்கட அறையில் அப்படித்தான். விழுந்தாலும் பிள்ளை மற்றப் பக்கம் திரும்பிப் படுக்கும், அவ்வளவுதான்.