இரண்டாவது லீவர்

எங்கள் கரிசல் சீமையில் டிராக்டர் வைத்திருக்கும் வீடுகளில் ஒரு கதை வெகுகாலமாக வழங்கி வருகிறது. மாடு பூட்டி உழுத நாளில் வரப்பு முனைக்கு வந்ததும் உழவன் கலப்பையைக் கையால் தூக்கித் திருப்பினான் என்றும், டிராக்டரில் கட்டும் கலப்பை கைக்கு அடங்காத கனமுடையதாகிவிட்டபடியால் அதைத் தூக்கி நிறுத்துவதற்கென்றே எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும் லிஃப்டை வெள்ளைக்காரன் கண்டுபிடித்தான் என்றும் சொல்லுவார்கள். கேட்பதற்குப் பொருத்தமான கதைதான். ஆனால் தூக்குவதும் இறக்குவதும் மாத்திரமே அந்த யந்திரத்தின் உத்தேசமானால், ஆசனத்தின் அருகே ஒரு லீவர் போதுமே. இரண்டு எதற்கு என்ற கேள்வி என்னை விட்டபாடில்லை.

என் பெரியப்பா ஓட்டிய சிவப்பு மாஸி ஃபெர்கூசனில் அந்த இரண்டாவது லீவர், எனக்கு நினைவு தெரிந்த நாள் முதலாக, ஒரே நிலையில் கம்பி போட்டு இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. கேட்டால், "அது கம்பெனிக்காரன் சும்மா வச்சது, அதைத் தொடாதே" என்பார். அவர் காலமான பிறகு அந்த வண்டிக்குப் புதிதாக ஒரு கருவி வாங்கவேண்டுமென்று வீட்டில் பேச்சு எழுந்து, ஒருவர் ரோட்டவேட்டர் என்றும் மற்றொருவர் ஒன்பது கொத்துக் கலப்பை என்றும் இன்னொருவர் இறக்கைக் கலப்பை என்றும் வாதாடிக்கொண்டிருக்கையில், எந்தக் கருவியை எதன்பொருட்டு வண்டியின் பின்னால் உள்ள மூன்று இணைப்பு முனைகளில் மாட்டுகிறோம் என்பதே எங்களில் எவருக்கும் தெளிவாகத் தெரியாது என்பது எனக்குப் புலப்பட்டது. அன்றுதான் அந்த யந்திரத்தின் மூலத்தைத் தேடப் புறப்பட்டேன்.

தூக்கும் சக்தியிலிருந்துதான் முதலில் தொடங்கினேன். 1795-ல் லண்டனில் ஜோசப் பிராமா காப்புரிமை பெற்ற நீரழுத்த யந்திரம் வரைக்கும் போனேன். சிறிய உருளையில் செலுத்திய அழுத்தம் பெரிய உருளையில் பன்மடங்கு பலமாக வெளிப்படும் அந்தத் தத்துவமே இன்றைக்கும் நம் வண்டியின் லிஃப்டில் இருக்கிறது என்பதில் ஐயமில்லை. அங்கிருந்து அமெரிக்கப் பண்ணைகளுக்குத் திரும்பினால், 1928-ல் ஜான் டீர் கம்பெனியார் தங்கள் டிராக்டர் ஒன்றில் எண்ணெயின் உதவியே இல்லாமல், எஞ்சின் பலத்தைப் பற்சக்கரங்கள் வழியே கொண்டுவந்து கருவியைத் தூக்கும் ஏற்பாட்டைச் செய்திருந்தார்கள் என்று தெரிந்தது. இவையெல்லாம் அறியத்தக்க விஷயங்களே. ஆயினும் இந்த வழியில் எவ்வளவு தூரம் நடந்தாலும் தூக்குவதும் இறக்குவதுமாகவே இருந்ததேயன்றி, இரண்டாவது லீவருக்கு இடமிருக்கவில்லை. லிஃப்டின் மூலம் லிஃப்டில் இல்லை என்ற சந்தேகம் அப்போதுதான் உதித்தது.

அந்தச் சந்தேகத்தைக் கொண்டுபோய் கோவில்பட்டியில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் வைத்தேன். டிராக்டர் லிஃப்டைப் பிரித்துச் சேர்ப்பதில் அவருக்கு ஈடு அந்த வட்டாரத்தில் இல்லை என்று சம்சாரிகள் சொல்லுவார்கள். பம்பின் வால்வைப் பற்றிக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு விவரிப்பார். இரண்டாவது லீவரைப் பற்றிக் கேட்டாலோ, பேச்சை மாற்றித் தேநீர் வரவழைப்பார். விடாமல் நான் திரும்பத் திரும்பப் போய்க் கேட்டதில், ஒருநாள் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, அது வேலைக்கு ஆகுற சாமானா இருந்தா, இத்தனை வருசத்துல ஒருத்தன்கூடவா அதைப் பிடிச்சு உழாம இருப்பான்? மேல மாட்டுற டாப் லிங்க் எதுக்குன்னா, கலப்பையை முன்னுக்குப் பின் சாய்க்கிறதுக்கு. அம்புட்டுதான்."

"அப்படியானால் டாப் லிங்க் மாட்டும் இடத்தில் அத்தனை கனமான ஸ்பிரிங் எதற்கு அண்ணாச்சி?" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. மறுபடி ஸ்பானரை எடுத்துக்கொண்டார். ஆனால் அந்த மனிதரின் பிடிவாதமான கேள்வி என் தேடலையே இரண்டாகப் பிளந்துவிட்டது: அந்த லீவர் எங்கிருந்து வந்தது என்பது ஒன்று, வந்தது உண்மையானால் ஏன் ஒருவரும் அதைத் தொடுவதில்லை என்பது மற்றொன்று.

முதல் கேள்விக்கு விடை அயர்லாந்தில் கிடைத்தது. ஹாரி ஃபெர்கூசன் என்பவர் 1884-ல் வட அயர்லாந்தின் டவுண் மாவட்டத்தில் ஒரு பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். 1909-ம் வருஷக் கடைசி நாளில் தாமே செய்த விமானத்தில் பறந்து, அயர்லாந்து மண்ணிலிருந்து முதன்முதலில் விமானமேறியவர் என்ற கீர்த்தியைப் பெற்றவர். முதல் உலக யுத்த காலத்தில், 1917-ல், பெல்ஃபாஸ்டில் மோட்டார் வியாபாரம் செய்துகொண்டிருந்த அவரை, நாட்டிலுள்ள டிராக்டர்களை நன்றாக வேலை வாங்கும் வழியைக் கண்டறியும்படி அயர்லாந்தின் விவசாய இலாகா கேட்டுக்கொண்டது. அவரும், அவரிடம் வேலை பார்த்த வில்லி சாண்ட்ஸ் என்னும் நுட்பமான கைவினைஞரும் வயல் வயலாகச் சென்று பார்த்தபோது, குதிரைக்குப் பின்னால் கட்டிய கலப்பையையே டிராக்டருக்குப் பின்னால் சங்கிலி போட்டு இழுக்கிறார்கள் என்பதைக் கண்டார்கள். கலப்பை மண்ணில் நிற்க அது கனமாக இருக்கவேண்டியிருந்தது. அதை இழுக்க டிராக்டரும் கனமாக இருக்கவேண்டியிருந்தது. கொழு ஒரு பாறையிலோ வேரிலோ மாட்டிக்கொண்டால், சக்கரம் நிற்க, எஞ்சினின் பலம் வண்டியின் முன்பக்கத்தையே மேலே தூக்கி ஓட்டுபவன்மீது கவிழ்த்துவிடும். அக்காலத்து ஃபோர்ட்ஸன் டிராக்டர்களில் இவ்விதம் உயிரிழந்தவர் பலர்.

இதற்கு அவர்கள் கண்ட பரிகாரம், கலப்பையை வண்டியோடு ஓருடலாகப் பிணைத்துவிடுவது. மேலும் கீழுமாக இரும்புத் தண்டுகளால் கலப்பையை மாட்டினால், கொழு எதிலேனும் இடறும்போது மேல்தண்டு வண்டியை முன்னோக்கி அழுத்தி, மூக்கு எழும்பாமல் பிடித்துக்கொள்ளும். எனக்கு ஆனந்தத்தை உண்டாக்கிய விஷயம் இதுதான்: இந்த ஏற்பாட்டில் முதலில் எண்ணெயே இல்லை. தண்டுகள் முதலில் வந்தன. எண்ணெய் பிறகு வந்தது. அது வந்த காரணமும் பாரம் தூக்க அன்று, ஆழத்தைக் காக்க. மேடு பள்ளமான நிலத்தில் பிணைக்கப்பட்ட கலப்பை வண்டியோடு சேர்ந்து ஏறி இறங்கி, ஒரே ஆழத்தில் உழ மறுத்தது. அந்தக் குறையை நீக்கவே, உழுகருவியைப் பிணைத்து ஆழத்தைத் தானாகவே சீர்செய்துகொள்ளும் முறைக்கு 1926-ல் ஃபெர்கூசன் பிரிட்டிஷ் காப்புரிமை பெற்றார்.

அதன் சூட்சுமம் டாப் லிங்க் எனப்படும் அந்த மேல்தண்டில் இருக்கிறது. கொழு மண்ணை எதிர்த்து நகரும்போது கலப்பையின் மேற்பகுதி முன்னால் சாயப் பார்க்கும். அந்தச் சாய்வு டாப் லிங்க்கை முன்னோக்கித் தள்ளும். அது அந்தக் கனத்த ஸ்பிரிங்கை அழுத்தும். மண் இறுகினால் ஸ்பிரிங் அதிகமாக அழுந்தி, வால்வு திறந்து, எண்ணெய் பாய்ந்து, கீழ்த்தண்டுகளாகிய கீழ்க்கைகள் சற்றே எழும். மண் இளகினால் மீண்டும் இறங்கும். இந்த வேலையில் கலப்பையின் பாரமும், அதை மண் கீழே பிடித்திழுக்கும் விசையும் பின்சக்கரங்களின்மேல் ஏறுகிறபடியால், இலேசான டிராக்டரே போதுமான பிடிப்போடு உழும். நாட்டுக் கலப்பையின் மேழியைப் பிடித்தவன் உள்ளங்கையால் மண்ணின் இறுக்கத்தை அறிந்து, அழுத்தியும் தளர்த்தியும் நடந்தானே, அந்தக் கையின் ஸ்தானத்தில் இருப்பதுதான் டாப் லிங்க். வரப்பில் கலப்பையைத் தூக்கிய கைக்கு மாற்றாக இந்த யந்திரம் பிறக்கவில்லை. மேழி பிடித்து மண்ணை அறிந்த கைக்கு மாற்றாகவே பிறந்தது.

பின்னர் நடந்தவை பிரசித்தமானவை. 1936-ல் டேவிட் பிரவுனோடு சேர்ந்து டிராக்டர் செய்ததும், 1938-ல் ஒரு சிறு மாதிரியை எடுத்துக்கொண்டுபோய் ஹென்றி ஃபோர்டுக்குச் செய்து காட்டி, எழுத்தில்லாமல் கைகுலுக்கலோடே ஒப்பந்தம் முடித்ததும், 1939-ல் ஃபோர்ட் 9என் வெளிவந்ததும், ஃபோர்டின் பேரன் அந்த உறவை முறித்ததால் எழுந்த வழக்கு 1952-ல் 92½ லட்சம் டாலருக்குச் சமாதானமானதும் புத்தகங்களில் உள்ளன. எனக்கு வேண்டிய செய்தி இவற்றுக்கிடையே ஒதுங்கிக் கிடந்தது. 1946-லிருந்து 1956 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் ஐந்து லட்சத்துக்கும் மேலாகச் செய்யப்பட்ட சாம்பல் நிற டிஇ20 டிராக்டரில், லிஃப்டுக்கு ஒரே ஒரு லீவர்தான் இருந்தது. அது மண்ணின் இழுவையை அறிந்து உழும் லீவர். கருவியைக் குறித்த உயரத்தில் நிறுத்திவைக்கும் லீவர், 1956-ல் வந்த அடுத்த மாடலில்தான் அதன் பக்கத்தில் வந்து சேர்ந்தது. எங்கள் வீட்டில் கம்பி போட்டுக் கட்டியிருந்ததே மூத்த லீவர். நாங்கள் அன்றாடம் பிடித்தது இளையது.

இந்தச் செய்தியோடு மீண்டும் மெக்கானிக் அண்ணாச்சியிடம் போனேன். அவர் எளிதில் ஒப்பவில்லை. "பார்த்துருவோம்" என்று மட்டும் சொல்லி, ஒரு கோடை மழைக்குப் பின்னால் எங்கள் புஞ்சைக்கு வந்தார். இரவலாக வாங்கிய இரண்டு கொழு இறக்கைக் கலப்பையை மாட்டி, கம்பியை அவிழ்த்தோம். அந்தப் புஞ்சையின் நடுவே சுண்ணாம்புக் கல் இறுகிய சுக்கான் தட்டு ஒன்று உண்டு. உயர லீவரில் வைத்து உழுதபோது அங்கே எஞ்சின் முனகி, சக்கரம் வழுக்கியது. இழுவை லீவரில் வைத்து அதே இடத்தைக் கடந்தபோது, கலப்பை விரற்கடை அளவு எழும்பி, சுக்கானைத் தாண்டியதும் தானே அமர்ந்தது. எஞ்சினின் சத்தம் ஏறக்குறைய மாறவேயில்லை. சாலோடு நடந்து வந்த அண்ணாச்சி வெகுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, "நெசந்தான். ஆனா ரோட்டவேட்டருக்கு இது ஆகாது தம்பி, இப்பவே சொல்லிட்டேன்" என்றார்.

அவர் சொன்னதில்தான் என் இரண்டாவது கேள்விக்கு விடை அடங்கியிருந்தது. ரோட்டவேட்டரின் கத்திகள் சக்கரம் சுழலும் திசையிலேயே சுழன்று மண்ணை வெட்டுவதால், அது வண்டியைப் பின்னுக்கு இழுப்பதற்குப் பதிலாக முன்னுக்கே தள்ளுகிறது. அங்கே டாப் லிங்க் அறிந்து சொல்ல இழுவையே இல்லை. இளகிய மண்ணில் ஓட்டும் இலேசான கொத்துக் கலப்பையிலோ, அந்த இழுவை ஸ்பிரிங்கை அசைக்கும் அளவுக்கு இருப்பதில்லை. நம் ஊரில் இவ்விரண்டுமே பெருகிவிட்டபடியால் மூத்த லீவர் வேலையற்றுப்போயிற்று. அண்ணாச்சியின் அனுபவம் முழுவதும் நாம் வாங்கிய கருவிகளின் அனுபவம். அந்த வகையில் அவர் சொன்னது மெய்யே.

ஆகவே, கருவி தேர்வோருக்கு இந்தத் தேடலின் பயனாக நான் சொல்லத்தக்கது உண்டு. ஆழமாகக் கீறவேண்டிய இறுகிய கரிசலுக்கு உளிக் கலப்பையோ இறக்கைக் கலப்பையோ வாங்குவோர், இழுவை லீவர் சரியாக வேலை செய்கிறதா என்பதை முதலில் பார்க்கவேண்டும். கலப்பைக்குக் கீழ்க்கைகளின் பக்கச் சங்கிலியைச் சற்றுத் தளர்த்தவும் ரோட்டவேட்டருக்கு இறுக்கவும் வேண்டும். கருவியை மாட்டும் ஊசிகளின் அளவு உலகெங்கும் பொதுவானது: மூன்று முனை இணைப்பின் முதல் வகைக்கு மேல் ஊசி 19 மி.மீ., கீழ் ஊசி 22 மி.மீ.; இரண்டாம் வகைக்கு 25-ம் 28-ம். சிறிய ஊசியைப் பெரிய கண்ணில் தளர்வாக மாட்டி ஓட்டினால் இரண்டும் தேய்ந்து கெடும். அதற்குரிய புஷ் போட்டே மாட்டவேண்டும். லிஃப்ட் இத்தனை கிலோ தூக்கும் என்று கடைக்காரர் சொல்லும்போது, அது கீழ்க்கைகளின் நுனியிலா, நுனிக்கு 610 மி.மீ. பின்னாலா என்று கேளுங்கள். கருவியின் பாரம் பின்னால் தள்ளிப் போகப் போக, தூக்கும் திறன் குறையும். கருவியைத் தூக்கிய நிலையிலும் டிராக்டரின் சொந்தக் கனத்தில் ஐந்தில் ஒரு பங்காவது முன்சக்கரத்தில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஸ்டியரிங் பிடிபடாது. மத்தியப்பிரதேசத்தில் புத்னியிலுள்ள மத்திய அரசின் பண்ணை யந்திரப் பரிசோதனை நிலையம் வெளியிடும் அறிக்கைகளில் இத்தகைய விவரங்கள் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, டாப் லிங்க் மாட்டும் இடத்தில் சங்கிலி கோத்து மரத்தையோ வேரையோ எக்காலத்தும் இழுக்காதீர்கள். கவிழ்ந்து சாகாமலிருக்கக் கண்ட யந்திரத்தைக் கவிழ்வதற்கே வழியாக்குவது அதுதான்.

1960-ல் ஹாரி ஃபெர்கூசன் காலமானார். அவர் பெயரைத் தாங்கிய டிராக்டர்களைப் பின்னர் நமக்குச் செய்து தந்த டாஃபே நிறுவனம் அதே 1960-ல்தான் சென்னையில் தொடங்கப்பெற்றது. கலப்பையும் வண்டியும் ஒரே யந்திரம் என்பதே அவர் ஆயுள் முழுதும் வாதாடிய கொள்கை. மானியம் எதற்குக் கிடைக்கிறது, பக்கத்துப் புஞ்சைக்காரர் எதை வாங்கினார் என்று பார்த்துக் கருவியைத் தனியே வாங்காமல், நிலத்தின் இறுக்கம், அதற்கேற்ற கருவி, அதைத் தாங்கும் வண்டி என்ற வரிசையில் தேர்ந்தெடுப்பதே முறை.