புதுவையில் இரண்டு இரவுகள்

நம் குடும்பங்கள் பயணம் செய்யாதவை அல்ல. ஆண்டுதோறும் வேளாங்கண்ணிக்குச் செல்கிறோம். திருமணத்துக்கும் துக்கத்துக்கும் இரவோடிரவாகப் பேருந்து ஏறுகிறோம். பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்கத் தொலைவூர்களுக்கும் போய் வருகிறோம். ஆயினும், நேர்த்திக்கடனோ அலுவலோ ஏதுமின்றி, ஒரு நகரைக் காண்பதற்கென்றே வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டு, விடுதியில் தங்கி வருவது நம்மில் பலருக்கு இன்னும் புதுமையே. "இதற்கும் ஒரு செலவா?" என்ற கேள்வி அங்கே உடனே எழுகின்றது. அக்கேள்வியை எழுப்புகிறவரும் பெரும்பாலும் குடும்பத் தலைவியே. ஆனால் ஆண்டு முழுவதும் ஒரு நாளேனும் அடுப்படியினின்று விடுதலை பெறாதவரும் அவரே அன்றோ?

முதன்முறையாக இவ்வாறு புறப்படும் குடும்பத்துக்குப் புதுச்சேரி மிகவும் ஏற்ற நகரம். மொழி நம் மொழி; உணவு நம் உணவு; எனினும் வீதியின் முகம் வேறு. கணவன், மனைவி, பள்ளி செல்லும் இரு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள பாட்டி என ஐவர் வெள்ளி மாலை சேர்ந்து ஞாயிறு மாலை திரும்புவதாக வைத்துக்கொள்வோம். எங்கே தங்குவது?

"லாசுப்பேட்டையில் சித்தி மகள் இருக்கிறாளே, விடுதிக்கு ஏன் வீண் காசு?" என்று எவரேனும் சொல்லாமல் இருக்கமாட்டார். அன்பில் குறையில்லை. ஆனால் ஐந்து பேர் போய் இறங்கினால் அவ்வீட்டுப் பெண் இரண்டு நாளும் அடுப்பை விட்டு நகரமாட்டாள். நம் வீட்டுத் தாயும் 'நீங்கள் சும்மா இருங்கள்' என்றால் இருக்கமாட்டார். வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிடுவார். கடற்கரைக்குப் பிள்ளைகளும் ஆண்களும் போவார்கள். ஆகவே, உறவினரை ஒரு மாலையில் பழத்தோடும் இனிப்போடும் சென்று கண்டு வருவதே இரு வீட்டாருக்கும் நலம். பயணம் எவருக்காகவோ, அவருக்குச் சமையல் இல்லாத இரண்டு நாள் கிடைக்கட்டும்.

விடுதி என்று முடிவானபின், அறை வாடகையைப் பார்க்குமுன் நகரின் அமைப்பை அறிந்துகொள்ள வேண்டும். 1674இல் பிரெஞ்சுக்காரர் இங்கே ஊன்றினர். 1693இல் டச்சுக்காரர் இதைக் கைப்பற்றிச் சில ஆண்டுகள் வைத்திருந்தபோது, நேர்நேரான வீதிகளைக் கொண்ட நகரமைப்பை வரைந்தனர். 1761இல் ஆங்கிலேயர் நகரை இடித்துத் தரைமட்டமாக்கிய பின்னரும், பழைய வீதி ஒழுங்கின்மீதே புதிய நகர் எழுந்தது. கிழக்கே கடற்கரைச் சாலை, தெற்கே சுப்பையா சாலை, மேற்கே அண்ணா சாலை, வடக்கே பட்டேல் சாலை ஆகிய நான்குக்கும் இடைப்பட்டதே பழைய நகரம். அதற்குள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தாலும் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் போகாது. நடுவே வடக்குத் தெற்காகப் பெரிய வாய்க்கால் ஓடுகின்றது. அதற்குக் கிழக்கே ஐரோப்பியர் வாழ்ந்த பகுதி. மஞ்சளும் வெண்மையுமான சுவர்கள், உயர்ந்த வாயில்கள், மதில்மேல் படர்ந்த காகிதப் பூ. மேற்கே தமிழர் பகுதி. திண்ணையும் தாழ்வாரமும் மரத்தூண்களும் கொண்ட வீடுகள், கடைவீதி, கோவில், மசூதி, அங்காடி.

படம் எடுத்துக்கொள்ளச் செல்வோர் எல்லாரும் வாய்க்காலுக்குக் கிழக்கே தங்கவே விழைகின்றனர். அங்கே அறை கிடைத்தால் மகிழ்ச்சியே. ஆனால் வாடகை மிகுதி. வாரக் கடைசியில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கூட்டம் வந்து குவிவதால் அது மேலும் ஏறும். மலிவான அறைகளோ, மேற்கே மறைமலை அடிகள் சாலையிலுள்ள பேருந்து நிலையத்தைச் சுற்றியும் அதற்கு அப்பாலும் மிகுதி. மலிவில் மயங்கி அங்கே தங்கும் குடும்பம், கடற்கரைக்குப் போகவும் வரவும் ஒவ்வொரு முறையும் ஆட்டோவை நாடும். நாளுக்கு நான்கு முறை ஐவர் ஆட்டோவில் ஏறி இறங்கினால், வாடகையில் மிச்சம் பிடித்தது எங்கே போயிற்று என்று தெரியாது. பணம் போவதைவிடப் பெரிய இழப்பு வேறொன்று உண்டு. அது நேரத்தைப் பற்றியது.

புதுவை இரு வேளைகளில்தான் தன் அழகைத் தருகின்றது. மாலை மங்கியபின் கடற்கரைச் சாலையில் வண்டிகள் தடுக்கப்படுகின்றன. காலைவரை அது நடப்போருக்கே உரியது. 1836இல் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கம், காந்தியடிகள் சிலை, முதல் உலகப் போரில் மாண்டவர் நினைவுச் சின்னம் ஆகியவற்றைக் கடந்து அலையோசை கேட்டபடி நடக்கலாம். பாட்டி கைப்பிடிச் சுவரில் அமர்ந்து காற்று வாங்கலாம். மறுவேளை, விடியற்காலம். அப்போது துமாஸ் வீதியிலும் ரோமன் ரோலண்டு வீதியிலும் பெருக்கும் துடைப்பத்தின் ஓசையன்றி வேறொன்றும் இராது. நண்பகலிலோ நகரம் உறங்கும். கடைகளில் பல ஒரு மணியளவில் கதவடைத்து நான்கு மணியளவில்தான் திறக்கும், ஆலயங்களும் பூட்டியிருக்கும், வெயிலும் கடுமையானது. அந்த மூன்று மணி நேரம் ஒரு குடும்பத்துக்குத் தேவைப்படுவது மின்விசிறியும் படுக்கையுமே. அறை நடந்து போகும் தொலைவில் இருந்தால் முதியவரும் குழந்தைகளும் படுத்தெழுந்து மாலைக்குப் புத்துணர்ச்சியோடு வருவார்கள். இல்லையேல் உணவகத்து நாற்காலியிலும் பூங்காவின் நிழலிலும் பொழுதைத் தள்ளி, கடற்கரை திறக்கும் வேளையில் களைத்துப்போய், "அறைக்குப் போகலாமா?" என்பார்கள்.

ஆகவே என் தீர்ப்பு இது: வாய்க்காலுக்கு மேற்கே, காந்தி வீதிக்குக் கிழக்கே, தமிழர் பகுதியில் தங்குக. கடலுக்குப் பாட்டியின் நடையிலும் இருபது நிமிடத்துக்கு மேல் ஆகாது. வாடகை கிழக்குப் பகுதியைவிடத் தணிந்திருக்கும். காலையில் இட்லியும் காபியும் வீதி முனையிலேயே கிடைக்கும். மேலும், இப்பகுதி வெறும் தங்குமிடம் அன்று. துபாஷியாக விளங்கி நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை அங்காடிப் பக்கத்தில் இருக்கின்றது. 1908இல் அடைக்கலம் தேடி வந்த பாரதியார் வாழ்ந்த இல்லம் ஈசுவரன் தர்மராஜா கோவில் வீதியில் அருங்காட்சியகமாக உள்ளது. பாரதிதாசனின் இல்லமும் எட்டும் தொலைவுதான். பிள்ளைகள் பாடநூலில் படித்தவரின் வீட்டு வாசற்படியைத் தொட்டுப் பார்க்கட்டும்.

அரவிந்தர் ஆசிரமத்தார் நடத்தும் விடுதிகளும் குடும்பங்களுக்கு ஏற்றவை. ஆடம்பரம் இல்லை, தூய்மை உண்டு, புகைக்கும் மதுவுக்கும் இடமில்லை. இரவில் குறித்த நேரத்தில் வாயிற்கதவை அடைத்துவிடுவார்கள். சிலருக்கு அது குறையாகத் தோன்றலாம், நமக்கு அது நிம்மதி. கடலை நோக்கிய விடுதியில் இடம் கிடைப்பது அரிது. நெடுநாள் முன்னரே கேட்க வேண்டும்.

மதுவைப் பற்றிச் சொல்ல நேர்ந்ததால் ஒளிக்காமல் கூறிவிடுவோம். புதுவையில் சாராயக் கடைகளும் மதுக்கூடங்களும் மிகுதி. அதற்கென்றே வருவோரும் மிகுதி. ஆகையால் தொலைபேசியில் பேசும்போது விடுதியின் கீழ்த்தளத்தில் மதுக்கூடம் உண்டா என்று கூச்சமின்றிக் கேளுங்கள். பழைய மாளிகைகளை விடுதியாக்கிய இடங்களில் படிக்கட்டு செங்குத்தாக இருக்கலாம். மின்தூக்கி உண்டா, தரைத்தள அறை கிடைக்குமா, நாற்காலி போன்ற கழிப்பிடம் உள்ளதா என்பன பாட்டியின் பொருட்டுக் கேட்க வேண்டியவை. ஒரே அறையில் கூடுதல் படுக்கை போடுவார்களா, வாடகை நாள் நண்பகல் 12 மணிக்கு முடிகிறதா, வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரமா என்பதும் தெளிவாக வேண்டும். இந்த ஒன்றால் மட்டும் ஒரு நாள் வாடகை கூடவோ குறையவோ செய்யும். பெரியவர் ஒவ்வொருவரின் அடையாள அட்டையையும் எடுத்துச் செல்க. இணையத்தில் விடுதியின் பெயரில் போலி எண்களைப் போட்டு முன்பணம் பறிப்போர் உண்டு. விடுதியாரிடமே பேசி உறுதிசெய்த பின்னரே பணம் அனுப்புங்கள்.

பிள்ளைகள் கடலில் குளிக்கக் கேட்பார்கள். கடற்கரைச் சாலையை ஒட்டி நெடுகக் கருங்கற்களே கிடக்கின்றன. 1980களின் இறுதியில் கட்டிய துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை மறித்ததால் கரை அரிக்கப்பட்டது. அண்மை ஆண்டுகளில் தலைமைச் செயலகத்தின் எதிரே செயற்கைப் பாறைத்தடுப்பு அமைத்ததால் ஓரளவு மணல் திரும்பியிருக்கின்றது. பிள்ளைகள் விளையாட அது போதும், ஆழத்துக்குப் போகவிடாதீர்கள். இரண்டே நாளில் ஆரோவில்லையும் சுண்ணாம்பாற்றுப் படகுத் துறையையும் சேர்த்து ஓடுவது வீண் அலைச்சல் என்பேன். அவை அடுத்த முறைக்கு இருக்கட்டும்.

சனிக்கிழமை முற்பகலில் அருங்காட்சியகம் செல்லலாம். தெற்கே அரிக்கமேட்டில் மண்ணுக்கடியில் கிடைத்த பொருள்கள் அங்கே உள்ளன; ரோமாபுரியோடு நம்மவர் செய்த வாணிகத்துக்கு அவை சான்று. மாலையில் துமாஸ் வீதியில், மக்கள் கப்ஸ் கோவில் என்றழைக்கும் தேவதைகளின் அன்னை ஆலயம், 1855இல் முடிந்தது. எதிரே கடலை நோக்கிய சிறு தோட்டத்தில் புனித ஜோன் ஆஃப் ஆர்க்கின் சிலை நிற்கின்றது. ரயில் நிலையத்துக்கு அருகே, 2011இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்ட திரு இருதய ஆண்டவர் ஆலயத்தை, வெயில் வண்ணக் கண்ணாடிகளில் விழும் காலை வேளையில் காண்பது நன்று.

ஞாயிறு திருப்பலிக்கு மிஷன் வீதியிலுள்ள ஜென்மராக்கினி மாதா பேராலயமே அருகில். ஊரார் அதனைச் சம்பாக் கோவில் என்பர். 1791இல் கட்டி முடிக்கப்பட்ட ஆலயம் இது. திருப்பலி நேரத்தை முன்னாள் மாலையே நடந்து போய்ப் பார்த்து வந்துவிடலாம். காலையுணவு முடிந்ததும் அறையைக் காலிசெய்து, பெட்டிகளை விடுதி அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டுக் காந்தி வீதிக்குச் செல்லுங்கள். ஞாயிறுதோறும் அங்கே நீண்ட நடைபாதைச் சந்தை கூடும். துணி, பாத்திரம், பழைய நூல், பொம்மை என எல்லாம் பேரம் பேசி வாங்கலாம். அங்கே பணப்பையைத் தாயின் கையில் கொடுத்துவிட்டு மற்றவர்கள் பின்னால் நடந்தால் போதும்.