முப்பது டிக்கெட்டுக்கு ஓர் இரவு

“இது இல்லாமல் உட்காராதீர்கள். மூன்று மணிக்கு மேல் கல்தரை இடுப்பைப் பிடித்துவிடும்” என்று சொல்லி, மடித்த பழுப்பு அட்டை ஒன்றை என் கையில் திணித்தார் அந்தப் பெண்மணி. ஏதோ பெரிய சாமான் வந்த பெட்டியைக் கிழித்து விரித்த அட்டை. அதன் ஓரத்தில் விதவிதமான கையெழுத்தில் தேதிகள்: ஆகஸ்ட் 19, ஆகஸ்ட் 28, செப்டம்பர் 4. கடைசியாக அன்றைய தேதி, அவர் எழுதியது. முந்தைய இரவு இதே இடத்தில் படுத்துக் கிடந்து, டிக்கெட் வாங்கி, நாடகம் பார்த்துவிட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தார். மூக்கு சிவந்திருந்தது. அழுததாலா குளிராலா என்று கேட்கிற அளவுக்குப் பழக்கம் இல்லை. “எப்படி இருந்தது?” என்றேன். “சொல்ல மாட்டேன்” என்று தலையாட்டிவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினார்.

2015 செப்டம்பர் மூன்றாவது வாரம். லண்டன் பார்பிக்கன் கலை மையத்தின் சில்க் தெரு வாசல். மணி இரவு பதினொன்றாகப் போகிறது. டிக்கெட் கவுன்டர் மறுநாள் காலை பத்தரைக்குத்தான் திறக்கும். எனக்கு முன்னால் ஏழு பேர்.

உள்ளே அந்நாட்களில் நடந்துவந்தது ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’. ஹாம்லெட்டாக நடித்தவர் பெனடிக்ட் கம்பர்பேட்ச், தொலைக்காட்சியில் ஷெர்லக் ஹோம்ஸாக வந்து உலகத்தையே வளைத்துப்போட்டவர். ஆகஸ்ட் 5 முதல் அக்டோபர் 31 வரை, மொத்தம் பன்னிரண்டு வாரம். டிக்கெட் விற்றது அதற்கு ஓராண்டு முன்னால், 2014 ஆகஸ்டில். இணையத்தில் ஆயிரக்கணக்கானோர் வரிசையில் காத்திருந்து வாங்கித் தீர்த்துவிட்டார்கள். நான் வேலை விஷயமாக இரண்டு வாரத்துக்கு லண்டன் வரப்போவது அப்போது எனக்கே தெரியாது. என்னைப் போன்றவர்களுக்காக ஒரு சின்னக் கதவை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள்: ஒவ்வொரு காட்சிக்கும் 30 டிக்கெட், தலா 10 பவுண்டு, அன்று காலையில் நேரில் வந்து வாங்குபவர்களுக்கு. அன்றைய கணக்கில் சுமார் ஆயிரம் ரூபாய். வெளியே மறுவிற்பனையில் கேட்ட விலைக்கு நான் ஊருக்கே ஒருமுறை போய்த் திரும்பியிருக்கலாம்.

எனக்கும் ஹாம்லெட்டுக்கும் உள்ள உறவு கல்லூரியோடு சரி. பி.ஏ. இரண்டாம் ஆண்டில் பதினைந்து மதிப்பெண் கட்டுரைக்காக அவனுடைய தயக்கத்தை நெட்டுரு போட்டிருக்கிறேன். மேடையில் ஒருநாளும் பார்த்ததில்லை. பம்மல் சம்பந்த முதலியார் அவனை ‘அமலாதித்தன்’ ஆக்கித் தமிழ் பேச வைத்தார் என்பது தெரியும், அதையும் பார்த்ததில்லை. ஆகவே இந்த வாய்ப்பை விட மனமில்லை. ஆனால் வரிசையில் சேரும்போது கொஞ்சம் இளக்காரமும் கூடவே வந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நட்சத்திரத்தைப் பார்க்க வந்த கூட்டம், ஷேக்ஸ்பியர் இவர்களுக்கு ஒரு சாக்கு என்றுதான் நினைத்தேன். முதல் நாள் முதல் காட்சி பார்த்து வளர்ந்த ஊர்க்காரன் இல்லையா, கூட்டத்தைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா!

வரிசைக்கு எழுதப்படாத சட்டங்கள் இருந்தன. கழிப்பறைக்குப் போகலாம், காபி வாங்கப் போகலாம். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். பையை மட்டும் வைத்து இடம் பிடிப்பது பாவம். நள்ளிரவுக்கு மேல் வந்த ஓர் இளைஞர், முன்னால் இருந்த தோழியோடு நைசாகச் சேர்ந்துகொள்ளப் பார்த்தார். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பத்துப் பேரும் அவரையே பார்த்தார்கள், அவ்வளவுதான். ஒரு நிமிடம் தாங்கினார். பிறகு எழுந்து கடைசிக்குப் போய்விட்டார். நம் ஊரில் என்றால் இந்நேரம் மூன்று தலைமுறையை இழுத்திருப்பார்கள். இந்த மௌனம் அதைவிடக் கொடூரம்.

என் முன்னால் இருந்தவர் ஒசாகாவிலிருந்து வந்த ஒரு நர்ஸ். ஆண்டு விடுமுறை முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருந்தார். வாங்கி வைத்திருந்த டிக்கெட்டில் ஒருமுறை பார்த்தாயிற்று. இது இரண்டாவது தடவைக்கு. பின்னால் யார்க்‌ஷயரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், மடக்கு நாற்காலி, கம்பளி, ஃபிளாஸ்க் சகிதம். எழுபதை நெருங்கும் வயது. அவருக்கு இது ஒன்பதாவதோ பத்தாவதோ ஹாம்லெட். “எண்ணுவதை நிறுத்திவிட்டேன்” என்றார்.

இவர்கள் இருவருக்கும் நடுவில் எல்லைத் தகராறு மாதிரி ஒன்று நடந்தது. விஷயம் இதுதான். வாழ்வதா சாவதா என்று ஹாம்லெட் தனக்குள் பேசிக்கொள்வானே, அந்தப் பேச்சு மூலத்தில் மூன்றாம் அங்கத்தில் வரும். இயக்குநர் லிண்ட்ஸி டர்னர் ஆகஸ்ட் தொடக்கத்து முன்னோட்டக் காட்சிகளில் அதைத் தூக்கி நாடகத்தின் முதல் பேச்சாகவே வைத்துவிட்டார். திரை விலகியதும் அதுதான். விமர்சகர்களுக்கான இரவு ஆகஸ்ட் 25 என்று குறித்திருக்க, இரண்டு நாளேடுகள் முதல் முன்னோட்டத்தையே பார்த்துவிட்டு விமர்சனம் எழுதின; ஒன்று இந்த இடமாற்றத்தைப் பிடிபிடியென்று பிடித்தது. விமர்சகர் இரவு வருவதற்குள் பேச்சு உள்ளே போய்விட்டது.

“போனது நல்லது” என்றார் ஆசிரியை. “பசியே எடுக்காதவனுக்கு முதல் கவளத்திலேயே பாயசம் ஊட்டுவது போல” என்கிற பொருளில் அவர் ஏதோ சொன்னார். அவர் சொன்ன பண்டம் ஏதோ ஆங்கிலேயப் புட்டிங்.

நர்ஸ் ஒப்பவில்லை. தணிந்த குரலில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். 1603இல் அச்சான முதல் ஹாம்லெட் புத்தகத்தில் அந்தப் பேச்சு இப்போது நாம் படிக்கும் இடத்தில் இல்லை, முன்னதாகவே வந்துவிடுகிறது. அந்தப் பதிப்பில் உலகத்திலேயே இரண்டு பிரதிதான் மிச்சம். ஒன்று இதே ஊரில், பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. ஷேக்ஸ்பியர் காலத்திலேயே இடம் மாறிய பேச்சை இவர் மாற்றினால் என்ன?

“அது திருட்டுப் பதிப்பு” என்றார் ஆசிரியை. பாதிப் பேர் அப்படிச் சொல்கிறார்கள், பாதிப் பேர் முதல் வரைவு என்கிறார்கள் என்றார் நர்ஸ். இரவு ஒன்றரை மணிக்கு, உறக்கப் பைக்குள் கழுத்துவரை புகுந்துகொண்டு இந்தப் பேச்சு. எனக்குப் பதினைந்து மதிப்பெண் கட்டுரை ஞாபகம் வந்தது. அதை எழுதியவன் நான்தான் என்று வெளியே சொல்லவில்லை. சாக்கு என்று நினைத்தேனே, அந்த நினைப்பு போன இடம் தெரியவில்லை.

கம்பர்பேட்சைப் பற்றிப் பேசவே இல்லையா என்றால், பேசினார்கள். ஆகஸ்டில் சிலர் நாடகத்தின் நடுவே செல்போனில் படம் பிடிக்க, இருட்டில் சிவப்பு விளக்கு மினுங்குவது மேடையிலிருந்து தெரிகிறது, தயவுசெய்து செய்யாதீர்கள் என்று அவரே பின்வாசலுக்கு வந்து ரசிகர்களிடம் கேட்டுக்கொண்டார். அந்தச் சிலரைப் பற்றி வரிசையில் பேசிய தொனியில், திருவிழாவில் செருப்போடு கருவறைக்குள் போனவரைப் பற்றிப் பேசுவதுபோல ஒரு சூடு.

தூக்கம் வரவில்லை. ஐந்தரைக்கு வெளுக்கத் தொடங்கியதும் ஆசிரியை என்னைக் கிளப்பி விட்டார். “உங்கள் இடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். போய் அவர் வீட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள்.”

“யார் வீட்டை?”

“ஷேக்ஸ்பியர் வீட்டை.”

பார்பிக்கன் என்பது ஓர் அரங்கம் அல்ல, ஓர் ஊர். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து தரைமட்டமான இடத்தில் எழுப்பிய கான்கிரீட் ஊர். நாற்பது மாடிக்கு மேல் நிமிர்ந்த மூன்று கோபுரங்கள். ஒன்றின் பெயரே ஷேக்ஸ்பியர் கோபுரம். நடுவில் ஒரு நீண்ட குளம், குளக்கரையில் குண்டில் சிதைந்து பிறகு சீரமைத்த செயின்ட் கைல்ஸ் தேவாலயம், அதற்குள் கவிஞர் மில்டனின் சமாதி. வீடுகளை இணைத்துத் தலைக்கு மேலே நடைபாலங்கள். கான்கிரீட் என்றால் நம் ஊர் மாதிரி வழுவழுப்பு அல்ல. இறுகிய பிறகு ஆட்கள் நின்று கையால் கொத்திக் கொத்திச் சொரசொரப்பாக்கிய சுவர். அம்மி கொத்தியதுபோல இருக்கும். உள்ளங்கையை வைத்து இழுத்தால் தோல் உரியும், வைத்துப் பார்த்தேன்.

இரண்டு தடவை வழி தவறி, தெற்கே லண்டன் வால் சாலையில் இறங்கினேன். அங்கே ஒரு சின்னத் தோட்டம், பழைய தேவாலயம் ஒன்று இருந்த இடம். இதை ஒட்டித்தான் சில்வர் தெரு இருந்தது. 1604 வாக்கில் மவுன்ட்ஜாய் என்ற பிரெஞ்சுக் குடும்பத்தின் வீட்டில் ஷேக்ஸ்பியர் வாடகைக்குக் குடியிருந்தார். பணக்காரப் பெண்களுக்குத் தலை அலங்காரம் செய்து விற்கும் குடும்பம். பிற்பாடு அந்த வீட்டில் மாமனாருக்கும் மருமகனுக்கும் வரதட்சணை வழக்கு வந்து, 1612இல் ஷேக்ஸ்பியர் சாட்சி சொல்ல நேர்ந்தது. என்ன தொகை பேசினார்கள் என்பது நினைவில்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். விவரமான ஆள்! அந்த வழக்குக் கட்டு இல்லையென்றால் அவர் இங்கே இருந்ததே நமக்குத் தெரியாது. வீடு இல்லை, தெருவும் இல்லை. விடிகாலைப் பேருந்து ஒன்று காலியாகப் போயிற்று.

இன்னும் ஐந்து நிமிடம் நடந்தால் ஆல்டர்மன்பரியில் ஒரு பூங்கா. ஷேக்ஸ்பியரின் மார்பளவுச் சிலை. ஆனால் அது அவருக்கான நினைவிடம் இல்லை; ஹெமிங்ஸ், காண்டெல் என்ற இரு நடிகர்களுக்கானது. சக நடிகரின் நாடகங்களைத் தேடித் திரட்டி 1623இல் ஒரே புத்தகமாகப் போட்டவர்கள், இந்த வட்டாரத்துக்காரர்கள். அவர்கள் செய்யாமல் விட்டிருந்தால் பதினெட்டு நாடகங்கள் காற்றோடு போயிருக்கும். நம் உ.வே.சா. ஏட்டைத் தேடி அலைந்ததை நினைத்துக்கொண்டு சிலைக்கு ஒரு கும்பிடு போட்டேன். பக்கத்தில் யாரும் இல்லை.

திரும்பி வந்தபோது வரிசை மூலை திரும்பியிருந்தது. எனக்குப் பின்னால் நாற்பது பேருக்குக் குறையாது. ஆசிரியை ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டே சொன்னார்: ஹாம்லெட்டாக முதலில் நடித்தவர் ரிச்சர்ட் பர்பேஜ், அன்றைக்கு லண்டனின் பெரிய நட்சத்திரம். 1619இல் அவர் இறந்தது அரசி ஆன் இறந்த சில நாட்களில். ஊர் அரசிக்கு அழுததைவிட இவருக்கு அழுததுதான் அதிகம் என்று அப்போதே பேச்சு எழுந்ததாம். “நட்சத்திரத்துக்காகக் கூட்டம் வருகிறது என்று பேப்பரில் குறைபடுகிறார்கள். இந்த நாடகத்துக்கு என்றைக்கு வேறு மாதிரிக் கூட்டம் வந்தது?”

பத்தரைக்குக் கதவு திறந்தது. எட்டாவது ஆள் என்றாலும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. டிக்கெட்டைக் கையில் வாங்கியதும் பயந்தவன்போல அதைச் சட்டைப் பைக்குள் வைத்து, வெளியே எடுத்து, மறுபடி வைத்தேன். கதவு மூடியபோது வாடிய முகத்தோடு திரும்பியவர்களின் பக்கம் பார்க்க முடியவில்லை.

அன்று மாலை நான் கண்ட முதல் அதிசயம் மேடையில் இல்லை. அந்த அரங்கத்தில் நடுவே நடைபாதை கிடையாது. ஒவ்வொரு வரிசைக்கும் இரண்டு பக்கமும் தனித்தனிக் கதவு. மக்கள் உட்கார்ந்து முடிக்கும்வரை எல்லாக் கதவும் காந்தத்தில் ஒட்டித் திறந்தே நிற்கின்றன. நாடகம் தொடங்கும் நேரத்தில், ஆள் தொடாமல், அத்தனை கதவும் ஒரே கணத்தில் தாமாக மூடின. ஆயிரத்து நூறு பேருக்கு மேல் இருந்த கூட்டத்தின் பேச்சு சட்டென்று நின்றது. எனக்கு முதுகுத்தண்டில் ஏதோ ஏறியது.

திரை விலகியதும் ஒற்றை ஆள். தரையில் உட்கார்ந்து, பழைய போட்டோ ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டு, இசைத்தட்டில் நாட் கிங் கோலின் பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். விசில் இல்லை, கைதட்டல் இல்லை. இத்தனை பேர் கடல் கடந்து பார்க்க வந்த ஆள் அவன். ஓர் இருமல்கூட எழவில்லை. பிறகு பின்சுவர் மேலேற, எஸ் டெவ்லின் வடிவமைத்த அரண்மனை: சரவிளக்கு, படிக்கட்டு, நீண்ட விருந்து மேசை. ஹாம்லெட் தனக்குள் பேசும்போது மற்றவர்கள் தண்ணீருக்குள் நடப்பதுபோல அசைகிறார்கள். பைத்தியம் பிடித்ததாக நடிக்கும் இடத்தில் சிவப்புக் கோட்டு மாட்டிய பொம்மைச் சிப்பாயாக முரசடித்துக்கொண்டு வருகிறான், சிரித்துவிட்டேன். இடைவேளைக்கு முன் அரண்மனைக் கதவுகள் படீரென்று திறந்து, சூறைக்காற்றில் கரிய குப்பை மேடையெங்கும் கொட்டியது. திரும்பி வந்து உட்கார்ந்தபோது அந்த மாளிகை முழுக்க மண்மேடு.

கம்பர்பேட்ச் வேகமானவர், தெளிவானவர், ஒரு சொல்லும் சிந்தவில்லை. ஆனால் அந்த மாளிகை அவரைச் சில இடங்களில் விழுங்கிவிட்டது என்றே எனக்குப் பட்டது. என் நெஞ்சில் நின்றது ஹாம்லெட்டின் காதலி ஒஃபீலியாவாக நடித்த ஷான் புரூக். கழுத்தில் கேமராவோடு அலைந்த பெண், சித்தம் கலங்கியபின் அந்த மண்மேட்டில் வெறுங்காலோடு மெல்ல ஏறி, வெளிச்சத்துக்குள் போய் மறைந்தாள். அவள் விட்டுப்போன பெட்டியை அரசி திறந்தால் உள்ளே எல்லாம் போட்டோக்கள். இரண்டு இருக்கை தள்ளி ஒசாகா நர்ஸ் கைக்குட்டையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். இதை ஏற்கனவே பார்த்தவர்.

முடிந்ததும் கம்பர்பேட்ச் முன்னால் வந்து, கைதட்டலை அமர்த்தி, சிரியாவிலிருந்து ஓடிவரும் குழந்தைகளைப் பற்றிப் பேசினார். குரல் இன்னும் நாடகத்திலேயே இருந்தது. வாசலில் நன்கொடை வாளிகளோடு நின்றவர்களை நோக்கிக் கூட்டம் வளைந்து வந்து காசு போட்டுவிட்டுப் போனது. நான் ஐந்து பவுண்டு போட்டேன். நாடகத்துக்குக் கொடுத்ததில் பாதி.

சில்க் தெரு வாசலில் குளிர் முந்தின நாளைவிட அதிகம். சுவரை ஒட்டி நான்கு பேர் ஏற்கெனவே உட்கார்ந்தாயிற்று. ஐந்தாவதாக, கல்லூரி மாணவி போல ஒரு பெண், வெறுந்தரையில், ஒரு மெல்லிய சால்வையோடு. காலையில் சுவரோரம் மடக்கிச் செருகி வைத்திருந்த அட்டையை எடுத்தேன். பேனாவை உதறி ஓரத்தில் தேதி எழுதி, அவளிடம் நீட்டினேன்.

“எப்படி இருந்தது?” என்றாள்.

“சொல்ல மாட்டேன்” என்றேன். “சாக்ஸ் இரண்டாகப் போட்டுக்கொள்.”