தப்பிய ரவை

எந்தப் பொழுதுபோக்கை எடுத்துக்கொண்டாலும் சரி, அதில் முழுகிப்போனவர்கள் இருவர் சந்தித்துவிட்டால் அந்தப் பொழுதுபோக்கைப் பற்றிப் பேசமாட்டார்கள். கருவியைப் பற்றித்தான் பேசுவார்கள். தூண்டில் போடுகிறவர்களைப் பாருங்கள். மீனைப் பற்றிய பேச்சு ஐந்து நிமிஷம். முள்ளையும் நரம்பையும் பற்றிய பேச்சு இரண்டு மணி நேரம். மிருதங்க வித்துவான்கள் இருவர் சேர்ந்தால் ராகமும் தாளமும் எங்கோ போய்விடும்; தோலைப் பற்றித்தான் சர்ச்சை. குறி பார்த்துச் சுடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்களும் இதற்கு விலக்கு அல்ல.

எனக்கும் துப்பாக்கிக்கும் உள்ள உறவு, கதைகளில் அதை இரண்டொரு தரம் வெடிக்க வைத்ததோடு சரி. ஆனால் திருச்சியில் எனக்கு ஒரு சிநேகிதர் இருக்கிறார். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதும் சாது மனிதர். ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் பிஸ்டல் பெட்டியோடு கிளம்பிவிடுவார். 2022 ஜூலையில் திருச்சி ரைபிள் கிளப்பில் மாநிலப் போட்டி நடந்தபோது நடிகர் அஜித்குமார் வந்து பிஸ்டல் பிரிவுகளில் சுட்டுப் பதக்கங்கள் வாங்கினார் அல்லவா? ஊரே வாசலில் திரண்டு நின்றது. சிநேகிதர் மட்டும், "எல்லாரும் அவர் முகத்தைப் பார்க்கிறார்கள் சார், அவர் கையில் இருந்த பிஸ்டலின் பிடியை ஒருத்தராவது பார்த்தார்களா?" என்று வருத்தப்பட்டுக்கொண்டார்.

பிடி என்பது சாமான்ய விஷயம் இல்லையாம். ஆஸ்திரியாவின் ஸ்டெயர் உசத்தியா, ஸ்விட்ஸர்லாந்தின் மோரினி உசத்தியா, ஜெர்மனியின் வால்தரா, இத்தாலியின் பார்தினியா என்று அவருடைய கோஷ்டியில் ஓயாத தகராறு. ஆனால் எதை வாங்கினாலும் மரப்பிடியை அரத்தால் ராவி, பூச்சு வைத்து நிரப்பி, மறுபடி ராவி, தம் கைக்கென்றே செய்துகொள்கிறார்கள். பல் செட்டு மாதிரி. ஒருவருடையது இன்னொருவருக்கு உதவாது.

பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டிக்கு விதிகள் வெகு கறார். பிஸ்டலின் கனம் ஒன்றரைக் கிலோவைத் தாண்டக்கூடாது. விசையை இழுக்கக் குறைந்தது ஐந்நூறு கிராம் அழுத்தம் வேண்டும். வெடிமருந்து கிடையாது, அடைத்து வைத்த காற்றுத்தான் குண்டைத் தள்ளுகிறது. இலக்கின் நடுவிலே பத்துப் புள்ளி தரும் வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லி மீட்டர். ஒரு சட்டைப் பொத்தான் என்று வைத்துக்கொள்ளுங்களேன். எழுபத்தைந்து நிமிஷத்தில் அறுபது குண்டு சுடவேண்டும். குண்டு 4.5 மில்லி மீட்டர் ஈயம். அதிலும் 4.49 அளவா, 4.50 அளவா, எந்த டப்பா தம் குழலுக்கு இசைகிறது என்று சோதித்துச் சோதித்துப் பார்க்கிறார்கள். மில்லி மீட்டரில் நூற்றில் ஒரு பங்குக்காக மனஸ்தாபம் கொள்ளுகிறவர்களை நான் அவர்களிடையேதான் பார்த்தேன்.

கருவிப் பைத்தியம் என்று சிரித்துவிடலாமா? ஒரு மாற்று மருந்து சரித்திரத்திலேயே இருக்கிறது. ஹங்கேரி நாட்டுப் பட்டாளக்காரர் காரோலி டகாச் வலக்கையால் சுடுவதில் நிபுணர். 1938-ல் ஒரு கையெறி குண்டு அந்தக் கையிலேயே வெடித்துவிட்டது. மனிதர் சத்தம் போடாமல் இடக்கையைப் பழக்கினார். 1948-ல் லண்டனிலும் 1952-ல் ஹெல்சிங்கியிலும் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். கையையே மாற்றிக்கொண்டவருக்குப் பிடி எம்மாத்திரம்! 2024-ல் பாரிஸில் துருக்கியின் யூசுப் டிகெச் சாதாரண மூக்குக்கண்ணாடியோடு, ஒரு கையைக் கால்சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு, கடைவீதிக்குப் புறப்பட்டவர் மாதிரி நின்று வெள்ளி வாங்கியதை உலகமே பார்த்தது.

இதை நான் சிநேகிதரிடம் சொன்னபோது அவர் அசைந்துகொடுக்கவில்லை. "கருவி ஜெயிக்க வைக்காது சார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தோற்கடிக்கும். டோக்கியோவில் மனு பாக்கருக்கு என்ன ஆயிற்று?" என்றார். நியாயந்தான். 2021-ல் டோக்கியோவில் தகுதிச் சுற்றின் நடுவே அந்தப் பெண்ணின் பிஸ்டலில் ஒரு நெம்புகோல் முறிந்துபோயிற்று. சரி செய்து கொண்டு வருவதற்குள் மணித்துளிகள் ஓடிவிட்டன. இரண்டே புள்ளியில் இறுதிச் சுற்றுத் தவறியது.

பிறகு பேச்சு தோட்டாவுக்குத் திரும்பியது. இருபத்திரண்டு தோட்டாவில் தீப்பற்றும் மருந்து பித்தளைக் கூட்டின் விளிம்புக்குள்ளேயே பூசியிருக்கும்; ஒரு முறை சுட்டால் கூடு குப்பைக்குத்தான். முப்பத்திரண்டு போன்ற நடுவெடித் தோட்டாவிலோ, பின்புறம் நட்ட நடுவில் கேப்பு தனியாக இருக்கிறது. சுட்டபின் பழைய கேப்பைத் தட்டி எடுத்துவிட்டு, உப்பிய கூட்டை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புதுக் கேப்பு வைத்து, மருந்து நிறுத்துப் போட்டு, குண்டைப் பொருத்தி வாயை இறுக்கினால் மறுபடி தோட்டா. அமெரிக்காவில் லட்சக்கணக்கானவர்கள் வீட்டுக் கொட்டகையிலேயே இதைச் செய்கிறார்கள். லீ, டில்லன், ஆர்.சி.பி.எஸ். என்று கம்பெனிகள் எந்திரங்கள் விற்கின்றன. ஒரு வேளைக்கு ஒரு வேலை மட்டும் செய்யும் ஒற்றை எந்திரம் நல்லதா, நெம்புகோலை ஒரு தடவை இழுத்தால் ஒரு தோட்டா விழுகிற சுழல் எந்திரம் நல்லதா என்று அங்கேயும் இரண்டு கட்சி. நம் நாட்டில் 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் தோட்டா செய்யக்கூடாது. ஆகையால் நம்மவர்கள் இந்தக் கட்சிகளில் வாயளவில்தான் சேர முடிகிறது.

மருந்தை நிறுப்பது கிரெயின் என்கிற எடையில். ஒரு பவுண்டுக்கு ஏழாயிரம் கிரெயின். நம் ஆசாரிகளின் குன்றிமணியில் ஏறக்குறையப் பாதி. "அதில் அரைக்கால் பங்கு கூடினாலும் குறி மாறிவிடும் சார்" என்று சிநேகிதர் சொன்னதும் எனக்கு என் சின்னத் தாத்தா ஞாபகம் வந்துவிட்டார்.

சின்னத் தாத்தா என்றால் என் தாத்தாவின் தம்பி. திருமானூர்ப் பக்கம், கொள்ளிடத்தின் வடகரையில் நிலம் நீச்சோடு இருந்தவர். அவரிடம் இரட்டைக்குழல் பன்னிரண்டு போர் துப்பாக்கி ஒன்று இருந்தது. பன்னிரண்டு போர் என்றால் என்னவென்று நாங்கள் கேட்டால், "ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு உருண்டையாக உருட்டு. ஓர் உருண்டை சரியாக உள்ளே போகிற குழல், பன்னிரண்டு போர்" என்பார். நான் பார்த்த காலத்தில் அந்தத் துப்பாக்கி வருஷம் முழுதும் சும்மாவே கிடந்தது. தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைப்பதற்காக மட்டும் உறையிலிருந்து வெளியே வரும்.

ஆனால் அவருடைய தேக்குமரப் பெட்டியை நாங்கள் எண்ணிறந்த தடவை திறந்து பார்த்திருக்கிறோம். கேப்பு எடுக்க ஒரு பித்தளைச் சாமான். மருந்து அளக்க ஒரு சின்னக் கிண்ணம். தக்கை இறுக்க ஒரு மரக்கோல். தோட்டாவின் காகித வாயை மடித்து உருட்ட, கைப்பிடி போட்ட ஒரு யந்திரம். ஒரு காலத்தில் தோட்டாவின் காகிதக் கூடுகளை அவர் எறியமாட்டாராம். தாமே மருந்திட்டு, தக்கை வைத்து, ரவை கொட்டி, தக்கை வைத்து, வாயை மடிப்பாராம். அந்த ராத்திரிகளில் வீட்டில் யாரும் அவரோடு பேசக்கூடாது. அரிக்கேன் விளக்கு ஜன்னலுக்கு வெளியேதான் இருக்கவேண்டும். ஒரு கூட்டில் இரண்டு தரம் மருந்து விழுந்துவிட்டால் குழலே வெடித்து முகத்தைக் கொண்டுபோகும் என்பது அவருக்குத் தெரியும். நெல் அளக்கும்போது ஒரு மரக்கால் முன்பின்னாகப் போனாலும் கண்டுகொள்ளாதவர், இந்த மருந்துக் கிண்ணத்தின் தலையை மட்டும் விரலால் வழித்து மட்டம் பார்ப்பாராம்.

இவ்வளவும் எதற்காக? கரைவெட்டி ஏரிக்கு வரும் வாத்துக்காக. புள்ளம்பாடி வாய்க்கால் வழியே மேட்டூர்த் தண்ணீர் வந்து ஏரி நிறைந்தால், ஐப்பசி கார்த்திகையில் வடதேசத்துப் பறவைகள் வந்து இறங்கும். அந்தக் காலத்துப் பெரிய மனிதர்களுக்கு அது ஒரு பொழுதுபோக்கு.

அதை அவர் விட்ட கதையை என்னிடம் ஒரு தடவைதான் சொன்னார். ஒரு நாள் சுட்டுக்கொண்டு வந்த வாத்தைச் சமையற்கட்டில் அறுத்தார்களாம். இரைப்பையில் கூழாங்கற்களுக்கு நடுவே ஆறேழு ஈய ரவைகள் கிடந்தன. உடம்பில் பாய்ந்தவை அல்ல, விழுங்கியவை. கல்லோடு கல்லாக அரைபட்டுத் தேய்ந்து, உளுந்துத் தோல் மாதிரி தட்டையாகி இருந்தன.

"தம்பி, ஒரு தோட்டாவிலே இருநூத்தம்பது ரவைக்கு மேலே இருக்கும். வாத்து மேலே படறது அஞ்சோ ஆறோ. மிச்சம் எங்கே போவுதுன்னு முப்பது வருஷமா நான் நினைச்சுப் பார்த்ததே இல்லே. அத்தனையும் ஏரிச் சேத்துல கிடக்கு. நான் தப்ப விட்டதை அதுங்க பொறுக்கித் தின்னுட்டு இருக்குதுங்க" என்றார்.

அவர் விஞ்ஞானம் படித்தவர் அல்ல. ஆனால் விஞ்ஞானம் சொல்வதும் அதுவே. பல் இல்லாத பறவை, இரையை அரைக்கக் கல் பொறுக்குகிறது. கல்லென்று நினைத்து ரவையையும் விழுங்குகிறது. அரைபட்ட ஈயம் ரத்தத்தில் கலக்கிறது. பறவை இளைத்து, இறக்கை தொங்கி, எங்கோ ஒரு புதரில் ஒதுங்கிச் செத்துப்போகிறது. இதற்காகவே அமெரிக்கா 1991-ல் நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவையை நாடு முழுதும் தடை செய்தது. நம் நாட்டில் 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்தது. 1991-ல் திருத்தம் வந்தபின் பொழுதுபோக்கு வேட்டைக்கு லைசென்ஸே இல்லாமல் போயிற்று. கரைவெட்டி 1999-ல் பறவைச் சரணாலயமாயிற்று. 2024 ஜனவரியில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. இமயமலையைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்துக்களை இன்று அங்கே தொலைநோக்கிக்காரர்கள்தான் குறி பார்க்கிறார்கள்.

சின்னத் தாத்தாவை நினைத்துக்கொண்டு சிநேகிதரோடு சுடும் கூடத்துக்குப் போனபோதுதான், இந்த விளையாட்டில் எனக்கு மரியாதை பிறந்தது. அங்கே தப்புகிற குண்டுக்கும் ஓர் இடம் இருக்கிறது. பத்தில் படவேண்டியது ஏழில் பட்டால் ஏழு என்று அட்டை சொல்லிவிடுகிறது. குண்டு பின்னால் இருக்கும் இரும்புப் பெட்டியில் விழுகிறது. மாலையில் பெட்டியைத் திறந்து ஈயத்தை வாரி எடுத்துவிடலாம். பன்னிரண்டு போர் துப்பாக்கிக்கும் இப்படி ஒரு நல்வாழ்வு கிடைத்திருக்கிறது. பறவைக்குப் பதில் தட்டை வானில் வீசிச் சுடும் போட்டிகள் அவை. 2004-ல் ஏதென்ஸில் ராஜ்யவர்த்தன் சிங் ராத்தோர் அப்படி ஒன்றில்தான் வெள்ளி வாங்கினார். நமக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையின் அரச குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் 2024-ல் பாரிஸ் வரை போய்ச் சுட்டார். அந்தத் தட்டுக்குக் களிமண் புறா என்று பெயர். பெயரில்தான் களிமண், உண்மையில் சுண்ணாம்புக்கல் பொடியும் ஒரு வகைக் கீலும் சேர்த்து வார்க்கிறார்கள். சுண்ணாம்புக்கல்லுக்குப் பேர்போன அரியலூர்க்காரர்கள் இதைக் கேட்டுச் சந்தோஷப்படலாம்.

சிநேகிதருக்குப் பதினான்கு வயதில் ஒரு பெண். அவளும் ஏர் பிஸ்டல் பழகுகிறாள். அன்று சுட்டு முடித்ததும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுதினாள். எட்டிப் பார்த்தேன். பத்துகள் ஒன்றுமே அதில் இல்லை. "பதினேழாவது: ஏழு, இடம் கீழே, மூச்சு அவசரம்." "முப்பத்திரண்டாவது: எட்டு, கை அசதி." இப்படியே பக்கம் முழுதும்.

"நன்றாகச் சுட்டதை ஏன் அம்மா எழுதவில்லை?" என்று கேட்டேன்.

"அது போய்ச் சேர்ந்தாச்சே மாமா. தப்பினது ஏன் தப்பிச்சுன்னுதான் தெரியணும்" என்றாள்.

மனு பாக்கரும் டோக்கியோவுக்கும் பாரிஸுக்கும் நடுவே மூன்று வருஷம் இப்படி ஏதோ ஒரு கணக்கைத் தமக்குள் எழுதித்தான் இருக்கவேண்டும். 2024 ஜூலையில் பாரிஸில் வெண்கலம் வாங்கினார். சரப்ஜோத் சிங்கோடு சேர்ந்து இன்னொன்றும் வாங்கினார்.

தோட்டா எந்திரம் எதுவாக இருக்கட்டும், பிஸ்டல் எந்த தேசத்துச் சரக்காக இருக்கட்டும். மருந்தைக் குன்றிமணிக் கணக்கில் நிறுக்கத் தெரிந்த மனிதர்கள் எந்தக் காலத்திலும் உண்டு. என் சின்னத் தாத்தா அதில் யாருக்கும் இளைத்தவர் அல்ல. தப்பியதைத் தேடிப் போய் எழுதுகிறவர்கள்தான் அபூர்வம். அவருக்கு அந்தக் கணக்கு முப்பது வருஷம் கழித்து ஒரு வாத்தின் இரைப்பையில் கிடைத்தது. இந்தப் பெண் அன்றன்றைக்கே எழுதிவிடுகிறாள். பிஸ்டல் ஸ்டெயரா மோரினியா என்று அவளிடம் கேட்க எனக்குத் தோன்றவில்லை.